கவுன்சிலர் அட்வைஸே சொல்லலையே?

கேள்வி: தூக்கமே வரலன்னு கவுன்சிலர்கிட்ட ரெண்டு தடவை போனேன் டாக்டர். நான் சொன்னதையே திருப்பிக் கேக்கறாங்க, ஒரு வழியும் சொல்லல. இதுக்கா ஃபீஸ்?

பதில்: அவசரப்பட்டு நிறுத்திடாதீங்கம்மா. "மாமியார் பேசினதும் நெஞ்சு படபடன்னு ஆச்சுன்னீங்களே, அது பயமா கோபமா?"ன்னு கேக்கறாங்க பாருங்க, அதுதான் வேலையே, உங்களைச் சரியா புரிஞ்சுக்கிட்டாங்களான்னு உங்ககிட்டயே செக் பண்றது, கார்ல் ரோஜர்ஸ்ங்கற அமெரிக்க உளவியல் நிபுணர் 1957லயே எழுதிட்டார், கவுன்சிலர் நம்ம இடத்துல நின்னு புரிஞ்சுக்கணும், எடை போடாம ஏத்துக்கணும், நடிக்கக் கூடாது, அப்பதான் மாற்றம் வரும்னு. முதல் சில செஷன் கதை கேக்கறதுலயே போகும், அப்புறம் என்ன மாறணும்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுவீங்க. தூக்கத்துக்குன்னே சிபிடி, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தற பேச்சு சிகிச்சை, இருக்கு, அதைக் கேளுங்க. "எனக்கு உதவலை"ன்னு நேராவே சொல்லலாம், நல்ல கவுன்சிலர் கோவிச்சுக்க மாட்டாங்க.