கற்குவைக்குப் பக்கத்தில் மோட்டார் கொட்டகை கட்டலாமா?

மதுராந்தகம் அருகே சானூரில், தொல்லியல் துறை பாதுகாக்கும் ஈமக் கற்குவைகளிலிருந்து (பழங்காலப் புதைகுழிகள் மேல் குவித்த கற்கள்) 150 மீட்டரில் மோட்டார் கொட்டகை போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் அனுமதி வாங்கிய பிறகுதான். பழங்கால நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 2010 திருத்தப்படி முதல் 100 மீட்டரில் புதுக் கட்டடமே கூடாது; அடுத்த 200 மீட்டருக்கு விண்ணப்பிக்க வேண்டும். தூரத்தைக் கண்ணில் படும் கல்லிலிருந்து அளக்காதீர்கள், பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்துதான் கணக்கு. முதலில் சர்வேயரை வைத்து அதைச் சரிபாருங்கள். மேஸ்திரி ‘சின்னக் கொட்டகைதானே’ என்பார். அதைக் கேட்டு அனுமதியில்லாமல் கட்டி மாட்டினால் 2 ஆண்டு சிறை அல்லது 1 லட்சம் அபராதம் வரை, இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

அப்புறம், உங்கள் நிலத்திலேயே வட்டமாகக் கற்கள் தென்பட்டால் ஜேசிபியை அங்கே விடாதீர்கள்; அடியில் பழைய புதைகுழி இருக்கலாம். 1950களில் சானூரில் தோண்டியபோது கால் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளும் (சவப்பெட்டிகள்) கருப்பு சிவப்புப் பானைகளும் கிடைத்தன.