மச்சில் கிடைத்த ரிவால்வர்: முதலில் ஒப்படையுங்கள், அப்புறம் பூர்வீகம் தேடலாம்

கேள்வி: என் தாத்தா திருவிதாங்கூர் போலீசில் சேர்ந்து, 1953-ல் நாகர்கோவிலில் சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். 1978-ல் காலமானார். போன வாரம் பழைய வீட்டைப் பிரித்தபோது மச்சில் இருந்த தகரப் பெட்டியில் ஒரு ரிவால்வரும் நான்கு தோட்டாக்களும் கிடைத்தன. துருப்பிடித்திருக்கிறது. ‘வெப்லி’ என்று பொறித்திருக்கிறது. கைப்பிடியின் பின்பக்கம் தனியாக ஓர் எண் இருக்கிறது. ஓய்வு பெறும்போது டிபார்ட்மென்டே கொடுத்தது என்கிறார் அப்பா. ஆனால் காகிதம் எதுவும் கைவசம் இல்லை. இது போலீஸ் துப்பாக்கிதானா, எப்படி வீட்டுக்கு வந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? குடும்ப நினைவாக வைத்துக்கொள்ளலாமா? வம்பே வேண்டாம், கடலில் வீசிவிடு என்கிறார் சித்தப்பா.
— வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: சித்தப்பா சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். உங்கள் குடும்பம் நேர்மையானது என்பதற்கு இன்று இருக்கும் ஒரே சாட்சி அந்த ரிவால்வர்தான். அதன் மேல் பொறித்திருக்கும் எண்களை வைத்துத்தான் அது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்ல முடியும். அதைக் கடலில் போட்டுவிட்டு, நாளைக்கு வீடு பிரித்த ஆட்களில் ஒருவர் டீக்கடையில் வாய் தவறினால், சாட்சியத்தை மறைத்ததாக, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-வது பிரிவையும் சேர்த்து எதிர்கொள்ள வேண்டிவரும்.

நீங்கள் பூர்வீகத்தை முதலில் கேட்டிருக்கிறீர்கள், வைத்துக்கொள்ளலாமா என்பதை அடுத்துக் கேட்டிருக்கிறீர்கள். சட்டம் இந்த இரண்டையும் தலைகீழாகப் பார்க்கிறது. துப்பாக்கி யாருடையது என்று தேடி முடிக்கும்வரை அதை வீட்டில் வைத்திருக்க உங்களுக்கு அனுமதி இல்லை. ஆயுதச் சட்டம் 1959-ன் 3-வது பிரிவின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குத் தண்டனை குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதம். தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்ற வகையில் வழக்குப் போட்டால் 7 முதல் 14 ஆண்டு. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தேடலை எந்த வரிசையில் செய்வது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

இதுவரை சட்டம் உங்கள் பக்கம்தான். வெறுமனே வீட்டில் ஒரு பொருள் இருந்தது என்பது போதாது, அது இருப்பது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது, மச்சில் கிடந்த பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாத காலத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் பெட்டியைத் திறந்த நாளிலிருந்து தெரியாது என்று சொல்ல முடியாது. சட்டத்தின் 21-வது பிரிவு இப்படிப்பட்ட ஆயுதத்தைத் ‘தேவையற்ற தாமதமின்றி’ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஒரு வாரம் என்றால் விளக்கம் சொல்லிவிடலாம். பூர்வீகம் தேடுகிறேன் என்று ஆறு மாதம் வைத்திருந்தால் என்னாலும் விளக்கம் சொல்ல முடியாது.

‘துருப்பிடித்த பழைய சாமான், இதற்கெல்லாம் சட்டமா’ என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் மனதில் இருப்பது 45-வது பிரிவு. பழைய மாதிரி, தொன்மை மதிப்புள்ளது அல்லது பழுதான ஆயுதங்களுக்கு அதில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பிரிவை முழுவதும் படிக்க வேண்டும்: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக இருந்தால்தான் விலக்கு. மேலே துருப்பிடித்த வெப்லியை ஆயுதம் பழுது பார்க்கும் ஒரு நல்ல ஆர்மரர் எண்ணெயில் ஊறப்போட்டுச் சரிசெய்துவிடலாம் என்றால் விலக்கு கிடையாது. அதைச் சொல்ல வேண்டியவர் நிபுணர். நீங்களோ நானோ இல்லை. நூறு வருடத்துப் பொருள் என்பதும் தனியாக நின்று காப்பாற்றாது. தோட்டாக்களுக்கு அந்த வாதம் அறவே பொருந்தாது.

சரி, எப்படி ஒப்படைப்பது? பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். வழியில் சோதனை நடந்தால் நீங்கள் ஆயுதம் கொண்டு போனவர் ஆகிவிடுவீர்கள். பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை வைத்து ஒரு மனு எழுதுங்கள்: தாத்தாவின் பெயர், பதவி, இறந்த தேதி, வீடு பிரித்த தேதி, பெட்டியைப் பார்த்தவர்கள் யார் யார், ஒப்படைக்க விரும்புகிறோம் என்ற ஒரு வரி. அதைக் காவல் நிலையத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுப் பதிந்ததற்கான ரசீது) வாங்குங்கள். நகலை மாவட்ட காவல் கண்காணிப்பாளருக்கும் ஆட்சியருக்கும் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். பிறகு அவர்களே வீட்டுக்கு வந்து, சாட்சிகள் முன்னால் மகஜர் (எடுத்த பொருளின் விவரப் பட்டியல்) எழுதி எடுத்துப் போகட்டும். அந்த மகஜரில் நிறுவனத்தின் பெயர், ஒவ்வொரு இடத்திலும் உள்ள எண், காலிபர் (குழல் அளவு), தோட்டா எண்ணிக்கை எல்லாம் இருக்கிறதா என்று ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ‘பழைய ரிவால்வர் ஒன்று’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்னால் நீங்கள் செய்யப்போகும் தேடல் முழுவதும் அந்த மகஜரை நம்பித்தான் இருக்கிறது.

போலீஸ் வருவதற்கு முன் ஒரு வேலை உண்டு. ரிவால்வரைத் தொடாமல், அதைத் திறந்து பார்க்காமல், தெரிகிற பக்கத்தையெல்லாம் படம் எடுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம், வழக்கறிஞருக்குக் காட்டினால் போதும். எண் தெளிவாகத் தெரியட்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அடையாள எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று 8-வது பிரிவு அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

இனி நீங்கள் கேட்ட பூர்வீகத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் ‘கைப்பிடியின் பின்பக்கம் தனியாக ஓர் எண்’ என்பது. ஆயுதப்படைக்காரர்கள் இரண்டு எண்களைப் பேசுவார்கள்: பாடி நம்பர், பட் நம்பர். பாடி நம்பர் தொழிற்சாலை போட்டது. வெப்லியில் பெரும்பாலும் சட்டகத்தின் வலது பக்கம் இருக்கும், சிலிண்டரிலும் இருப்பதுண்டு. கைப்பிடியில் இருக்கும் பட் நம்பர், அந்த ஆயுதத்தைப் பெற்ற படை தன் வசதிக்குப் போட்டுக்கொண்டது. தனியார் வாங்கிய துப்பாக்கிக்கு அப்படி ஒரு வரிசை எண் போட வேண்டிய தேவை கிடையாது. எனவே அது ஒரு காலத்தில் ஏதோ ஒரு படையின் ஆயுத அறையில் இருந்தது என்பதற்கு அந்த எண் நல்ல அறிகுறி. சட்டகத்திலும் சிலிண்டரிலும் உள்ள எண்கள் வேறுவேறாக இருந்தாலும் கலங்காதீர்கள். ஆயுத அறையில் பாகம் மாற்றியிருக்கலாம்.

அகலமான அம்புக்குறி ஒன்று தெரிகிறதா என்றும் படங்களில் பாருங்கள். அது பிரிட்டிஷ் அரசு உடைமையின் முத்திரை. முனையோடு முனை பார்த்தபடி இரண்டு அம்புகள் இருந்தால், அரசுச் சேவையிலிருந்து விற்றுக் கழித்த ஆயுதம் என்று பொருள். உங்கள் அப்பா சொல்வதற்கு அது பெரிய துணை. ஆனால் அது இல்லை என்பதால் திருட்டுப் பொருள் என்றாகிவிடாது. இங்குள்ள படைகள் கழித்த எல்லா ஆயுதத்திலும் அந்த முத்திரையை எதிர்பார்க்க முடியாது. இங்கிலாந்தின் பர்மிங்காமில், வெப்லி நிறுவனத்தில் தயாரான துப்பாக்கி முதலில் எந்த வியாபாரிக்கோ எந்த அரசுக்கோ போனது என்று தொழிற்சாலைப் பேரேட்டிலிருந்து தெரிந்தாலும், அது பாதிக் கதைதான். படையின் ஆயுத அறையிலிருந்து உங்கள் மச்சுக்கு வந்த பாதி, இங்குள்ள பதிவேட்டில்தான் இருக்கும்.

அந்தப் பதிவேடு எந்த ஊரில்? இங்கேதான் உங்கள் மாவட்டத்தின் வரலாறு குறுக்கே வருகிறது. 1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. அந்த மாநிலத்தில் இருந்த கன்னியாகுமரி 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டுடன் (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்தது. உங்கள் தாத்தா ஓய்வு பெற்றது அதற்கு மூன்று ஆண்டு முன்னால். எனவே சென்னையில் மட்டும் கேட்டால் ‘எங்களிடம் இல்லை’ என்ற பதில்தான் வரும். திருவனந்தபுரத்தில் கேரள காவல்துறைத் தலைமையகத்துக்கும், நாகர்கோவிலில் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கும் தனித்தனியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான். வேறு அலுவலகத்தில் தகவல் இருந்தால் 5 நாளுக்குள் அங்கே மாற்றிவிட வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்கிறது. அதை மனுவிலேயே குறிப்பிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். ஏதாவது விலக்கைக் காரணம் சொல்லி மறுத்தால் 8(3) பிரிவை எடுத்துக்காட்டுங்கள்: 20 ஆண்டு கடந்த நிகழ்வு பற்றிய தகவலை, நாட்டின் பாதுகாப்பு போன்ற சில விதிவிலக்குகள் தவிர, கொடுத்தாக வேண்டும்.

மனுவில் கதை எழுதாதீர்கள். இன்ன பாடி நம்பர், இன்ன பட் நம்பர் கொண்ட ரிவால்வர் ஆயுத இருப்புப் பதிவேட்டில் உள்ளதா. யாருக்கு, எந்தத் தேதியில் வழங்கப்பட்டது. திரும்பப் பெறப்பட்டதா, கழிக்கப்பட்டதா, விற்கப்பட்டதா, காணாமல் போனதாகப் பதிவா. அந்த ஆணையின் நகல் வேண்டும். இவ்வளவு போதும். தாத்தாவின் பணிப்பதிவேட்டு நகலையும் கேளுங்கள். அவர் அதை வாங்கியிருந்தாலோ, பாராட்டாகப் பெற்றிருந்தாலோ அதில் ஒரு வரி இருக்க வாய்ப்புண்டு. வீட்டில் பென்ஷன் காகிதக் கட்டு எங்காவது இருக்கும். அதற்குள் பழைய ஆயுத உரிமம் மடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். பணியில் இருக்கும்வரை அவருக்கு உரிமம் தேவைப்பட்டிருக்காது. ஓய்வுக்குப் பிறகு வைத்திருக்க உரிமம் வாங்கியிருக்க வேண்டும்.

ஆவணம் தாத்தாவுக்கு விற்றதாகவோ கொடுத்ததாகவோ சொன்னால், ரிவால்வர் உங்கள் குடும்பச் சொத்து. ஆனாலும் சொத்து வேறு, வைத்திருக்கும் அனுமதி வேறு. இறந்தவரின் வாரிசுக்கு உரிமம் தர ஆயுத விதிகள் 2016-ல் வழி இருக்கிறது. ஆனால் இறந்தவரிடம் உரிமம் இருந்திருக்க வேண்டும். மேலும் .38, .455 போன்ற சேவைக் காலிபர்கள் பொதுவாகத் தடைசெய்யப்பட்ட குழல் அளவு (‘புரொஹிபிடெட் போர்’) வகையில் வருகின்றன. அந்த உரிமம் ஆட்சியர் கையில் இல்லை, மத்திய உள்துறை அமைச்சகம் தர வேண்டும். நினைவுப்பொருள் என்ற காரணத்துக்குக் கிடைக்கும் என்று நான் நம்பிக்கை தர மாட்டேன். உங்களிடத்தில் நான் இருந்தால், கொல்லத்தில் உள்ள போலீஸ் அருங்காட்சியகத்துக்கோ சென்னை எழும்பூரில் உள்ளதற்கோ தாத்தாவின் பெயரோடு வைக்கும்படி எழுத்தில் கோரிக்கை வைப்பேன். துருப்பிடித்துப் பெட்டியில் கிடப்பதைவிட அது அவருக்கு மரியாதை.

காணாமல் போனதாகவோ திரும்ப வராததாகவோ பதிவு இருந்தால் அது அரசு உடைமை. அப்போதும் நீங்கள் குற்றவாளி இல்லை. திருட்டுப் பொருள் வைத்திருந்த குற்றத்துக்கு, தெரிந்தே, நேர்மையற்ற எண்ணத்தோடு வைத்திருக்க வேண்டும் என்று நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு சொல்கிறது. நீங்களோ தானாக முன்வந்து ஒப்படைத்தவர். ஆயுதச் சட்டத்தின் 3-வது பிரிவை மீறியதாக வழக்கு நடத்த மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும் (39-வது பிரிவு). தாத்தா மேல் இனி யாரும் வழக்குப் போட முடியாது. அப்பாவிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தந்தையின் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயத்தில்தான் பல குடும்பங்கள் இப்படிப்பட்ட பெட்டியை மறுபடி மூடி வைத்துவிடுகின்றன.

பதிவேடே இல்லை என்ற பதில் வரவும் வாய்ப்பு அதிகம். எழுபது ஆண்டு, இரண்டு மாநிலம். அந்தப் பதிலையும் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் தேடினீர்கள் என்பதற்கு அதுவே சான்று. ஒப்படைத்த ஆயுதத்தைக் குறித்த காலத்துக்குள் யாரும் சட்டப்படி திரும்பப் பெறாவிட்டால் அரசு பறிமுதல் செய்யலாம். ஆனால் அதற்கு முன் மாவட்ட மாஜிஸ்திரேட் உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, ஏன் பறிமுதல் செய்யக் கூடாது என்று 30 நாளுக்குள் காரணம் சொல்லும்படி கேட்க வேண்டும். அந்த நோட்டீஸ் வந்தால் கிடப்பில் போடாமல், மகஜர் நகலையும் தகவல் உரிமைச் சட்டப் பதில்களையும் இணைத்து, அருங்காட்சியகக் கோரிக்கையை அந்தப் பதிலிலேயே மறுபடி எழுதுங்கள்.