டிரையல்ல சேரலாமா, வேண்டாமா? நுரையீரல் நோயாளிகளோட குடும்பங்கள் கேட்ட கேள்விகள்

போன இதழ்ல நுரையீரல் புற்றுநோய்க்கு வந்திருக்கிற புது மருந்துகளைப் பத்தி எழுதினப்போ கிளினிக்கல் டிரையல்னு ஒரு வார்த்தை போற போக்குல வந்துச்சு, ஒரு சிகிச்சை பலன் தருதா, பாதுகாப்பானதான்னு மனுஷங்ககிட்ட முறைப்படி சோதிச்சுப் பார்க்கிறதுதான் அது, வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல அதைப் பத்தித்தான். நெஞ்சு நோய்ப் பிரிவுல ஸ்டடி கோஆர்டினேட்டரா பல வருஷம் இருந்தவ நான், நோயாளி டிரையலுக்குள்ள வர்ற நாள்லேர்ந்து கடைசி ஸ்கேன் வரைக்கும் கூடவே இருக்கிற வேலை அது. அதனால இந்த இதழ் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயசு, நுரையீரல் புற்றுநோய் நாலாவது ஸ்டேஜ்னு சொல்லிட்டாங்க. டாக்டர் ஒரு டிரையல் இருக்கு, யோசிச்சுச் சொல்லுங்கன்னாரு. சித்தப்பா "எலிக்குப் போட வேண்டியதை எங்க அண்ணனுக்குப் போடப் போறாங்களா"ன்னு வீட்டுல ஒரே சத்தம். என்ன பண்றதுன்னே தெரியல அக்கா.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சித்தப்பா மேல கோவப்படாதம்மா. அவர் பயம் ஒண்ணும் இல்லாததுல இருந்து வந்ததில்ல, நம்ம நாட்டுல படிப்பறிவில்லாத ஜனங்ககிட்ட சரியா விளக்காம கையெழுத்து வாங்கினாங்கன்னு புகார் எழுந்து விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. அதுக்கப்புறம்தான் சட்டம் இறுக ஆரம்பிச்சு 2019ல டிரையலுக்குன்னே தனி விதிகள் வந்துச்சு. அந்த விதிப்படி ஒவ்வொரு டிரையலையும் எத்திக்ஸ் கமிட்டின்னு, நோயாளிகளோட பாதுகாப்பையும் உரிமையையும் கவனிக்கிற ஒரு குழு பார்த்து அனுமதிக்கணும், அதுல குறைஞ்சது 7 பேர், சட்டம் தெரிஞ்ச ஒருத்தர், மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத சாதாரண ஆள் ஒருத்தர், பெண் உறுப்பினர் எல்லாம் இருக்கணும், பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவங்களா இருக்கணும்.

எலி விஷயத்துக்கு வர்றேன். எலிக்கும் மத்த பிராணிகளுக்கும் குடுத்துப் பார்க்கிற கட்டமெல்லாம் மனுஷங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். மனுஷங்ககிட்ட வந்த பிறகும் கட்டம் கட்டமாத்தான் போகும். முதல் கட்டத்துல கொஞ்சம் பேருக்குக் குடுத்து எந்த அளவு தாங்குதுன்னு பார்ப்பாங்க, ரெண்டாவதுல கட்டி சுருங்குதான்னு பார்ப்பாங்க, மூணாவதுல நூத்துக்கணக்கான பேரை வெச்சு இப்ப இருக்கிற சிகிச்சையோட ஒப்பிடுவாங்க. முதல் கட்டத்துக்கும் மூணாவது கட்டத்துக்கும் ரிஸ்க் ரொம்பவே வித்தியாசம், அதனால டாக்டர்கிட்ட நீ முதல்ல கேட்க வேண்டியது "இது எத்தனையாவது கட்டம் சார்?"

அடுத்து, கன்சென்ட் ஃபார்மை, அதாவது சம்மதம்னு கையெழுத்துப் போடற படிவத்தை, வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. இதை நான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்குத் திருப்தி வராது. அங்கயே ஓபி வாசல்ல, பின்னாடி க்யூ நிக்குதேன்னு அவசரத்துல கையெழுத்துப் போடவே கூடாது. தமிழ்ல இருக்கிற ஃபார்ம் தரணும், அது உங்க உரிமை. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் உட்கார்ந்து சத்தமா படிங்க, சித்தப்பாவையும் உட்கார வைங்க. புரியாத இடத்துல பென்சில்ல கோடு போட்டுக்கோங்க. எத்தனை தடவை தஞ்சாவூர்லேர்ந்து வரணும், வர்ற செலவு யார் தருவாங்க, மறுபடி சதைத் துண்டு எடுத்துப் பார்க்கிற பயாப்ஸி பண்ணுவாங்களா, மருந்து கேட்கலைன்னா அடுத்து என்ன சிகிச்சை, நல்லா கேட்டுச்சுன்னா டிரையல் முடிஞ்ச பிறகும் அந்த மருந்து கிடைக்குமா, இதெல்லாம் கேளுங்க. கடைசிக் கேள்வியை யாருமே கேட்க மாட்டேங்கறாங்க, ஆனா டாக்டர் பரிந்துரைச்சு கமிட்டி ஒத்துக்கிட்டா மருந்தைத் தொடர்ந்து இலவசமா தர்றதுக்கு விதியில இடம் இருக்கு.

எங்ககிட்ட ஒரு விவசாயி பெரியவர் வந்தாரு, 14 பக்க ஃபார்மையும் பேரனை விட்டு ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டாரு: "பாதியில நான் வேண்டாம்னா டாக்டரு கோவிச்சுக்கிட்டு வைத்தியத்தை நிறுத்திடுவாரா?" நிறைய பேர் மனசுல இருக்கிற கேள்வி அது. பதில், கூடாது. எப்ப வேணும்னாலும் விலகலாம், காரணம்கூட சொல்ல வேண்டியதில்ல, வழக்கமான சிகிச்சை எப்பவும் போல கிடைச்சே ஆகணும். அவர் அதைக் கேட்ட பிறகுதான் பேனாவைக் கையில வாங்கினாரு.

கேள்வி: பாதிப் பேருக்கு வெறும் சர்க்கரை மாத்திரை குடுப்பாங்களாமே? சாகப் போறவங்களுக்கு அப்படிப் பண்றது பாவம் இல்லையா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நல்ல சிகிச்சை ஏற்கெனவே இருக்கிற புற்றுநோய்க்கு வெறும் மாத்திரையை மட்டும் குடுத்து ஒருத்தரை சும்மா விட மாட்டாங்க, அதுக்கு எந்த ஒழுங்கான கமிட்டியும் அனுமதி தராது. பெரும்பாலும் ஒரு பக்கம் இப்ப குடுக்கிற சிகிச்சை, இன்னொரு பக்கம் புதுசு, இல்லன்னா ரெண்டு பக்கமும் பழைய சிகிச்சையோட ஒரு பக்கம் மட்டும் புதுசு சேரும். பிளாசிபோ, அதாவது நீங்க சொல்ற அந்த வெறும் மாத்திரை வர்றது, அதுக்கு மேல குடுக்க நிரூபணமான மருந்து எதுவும் இல்லாத இடத்துல. நுரையீரல் புற்றுநோய்க்கு அடாரானு ஒரு டிரையல், 682 பேர், எல்லாருக்கும் ஆபரேஷன் முடிஞ்சு, தேவைப்பட்டவங்களுக்குக் கீமோவும் முடிஞ்சு, அதுக்குப் பிறகுதான் ஒரு பக்கம் ஓசிமெர்டினிப் மாத்திரை, இன்னொரு பக்கம் பிளாசிபோ. வெளியில இருந்து கண்காணிச்ச குழு வித்தியாசம் ரொம்பப் பெருசா இருக்குன்னு பார்த்து, திட்டம் போட்டதுக்கு முன்னாடியே முடிவைத் திறக்கச் சொல்லிட்டாங்க. 5 வருஷம் கழிச்சு மருந்து எடுத்தவங்கள்ல 88 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க, பிளாசிபோ பக்கம் 78.

ஆனா அண்ணா, புது மருந்துன்னாலே அது நல்லதாத்தான் இருக்கும், அது கிடைக்காதவங்க ஏமாந்தாங்கன்னு நாம முன்கூட்டியே முடிவு பண்ணிடறோம், அதுதான் எனக்கு உறுத்துது. ஐபிஎஃப்னு ஒரு நோய், நுரையீரல் தழும்பேறி இறுகிக்கிட்டே போகும், நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். அதுக்கு ஸ்டீராய்டு, அசதயோபிரின், என்ஏசின்னு மூணு மருந்தைச் சேர்த்து உலகம் முழுக்க டாக்டர்கள் எழுதிக் குடுத்துட்டு இருந்தாங்க, நல்ல எண்ணத்துலதான். அமெரிக்காவுல பேந்தர்னு ஒரு டிரையல்ல அந்த மூணு மருந்தையும் பிளாசிபோவோட ஒப்பிட்டாங்க. ஒவ்வொரு பக்கமும் எண்பது பேருக்கும் குறைவுதான். மருந்து பக்கம் 8 பேர் இறந்துட்டாங்க, பிளாசிபோ பக்கம் 1. ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்க மருந்து பக்கம் 23, பிளாசிபோ பக்கம் 7. 2011ல அந்தப் பகுதியையே பாதியில நிறுத்தினாங்க. அந்த டிரையல் நடக்காம இருந்திருந்தா எத்தனை வருஷம் அதே சீட்டை எழுதிட்டு இருந்திருப்போம்னு நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு கலங்குது. அதே நோய்க்கு நின்டெடனிப், பிர்ஃபெனிடோன்னு ரெண்டு மருந்து நோய் முத்துற வேகத்தைக் குறைக்குதுன்னு 2014ல நிரூபணமாச்சு, அதுவும் பிளாசிபோவோட ஒப்பிட்டுத்தான்.

கேள்வி: நான் 30 வருஷமா பீடி பிடிக்கிறவன். நுரையீரல் புற்றுநோய் வராம இருக்க பீட்டா கரோட்டின் மாத்திரை நல்லதுன்னு வாட்ஸ்ஆப்ல வந்துச்சு. கேரட்ல இருக்கிறதுதானே, சாப்பிடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம், வாங்கியிருந்தா இன்னைக்கே நிறுத்திடுங்க. இதையும் டிரையல் பண்ணிப் பார்த்தாச்சு. ஃபின்லாந்துல 29,000க்கும் மேல புகைபிடிக்கிற ஆண்களை வெச்சு நடத்தினாங்க, 1994ல முடிவு வந்துச்சு, மாத்திரை எடுத்தவங்களுக்குப் புற்றுநோய் குறையல, 18 சதவீதம் கூடிடுச்சு. அமெரிக்காவுல நடந்த இன்னொண்ணுலயும் 28 சதவீதம் கூடி 1996ல பாதியில நிறுத்திட்டாங்க. கேரட் பொரியல் தாராளமா சாப்பிடுங்க, பிரச்சினை அந்த மாத்திரைதான். பீடியை விடறதுக்கு அரசு ஆஸ்பத்திரியிலயே உதவி கிடைக்கும், தயவு செஞ்சு அதைக் கேளுங்க அண்ணாச்சி.

கேள்வி: டிரையல்ல சேர்ந்தா பணம் தருவாங்களா? ஏதாவது ஆயிடுச்சுன்னா?
– வாசகர், ஓசூர்

பதில்: வர்ற போற செலவு தரலாம். ஆசை காட்டி இழுக்கிற அளவுக்குப் பணம் தர்றது தப்பு, இடையில ஒரு ஏஜென்ட் வந்து பேரம் பேசினா அந்தப் பக்கமே போகாதீங்க. டிரையலால பாதிப்புன்னா சிகிச்சை இலவசம், நஷ்டஈடும் உண்டு, அது நடத்துற கம்பெனி தலையில. கன்சென்ட் ஃபார்ம்ல எத்திக்ஸ் கமிட்டியோட நம்பர் இருக்கும், அதை முதல்லயே போன்ல சேவ் பண்ணிக்கோங்க.

கேள்வி: எல்லா மருந்தும் வெளிநாட்டுலதான் கண்டுபிடிக்கறாங்க, எல்லா ஆராய்ச்சியும் அங்கதான். இங்க பண்ற டிரையலால நமக்கு என்ன கிடைச்சுச்சு?
– வாசகி, சேலம்

பதில்: நம்ம சென்னையில நடந்த ஒரு டிரையல் உலகத்துல காசநோய் வைத்தியத்தையே மாத்தியிருக்கும்மா! அப்பல்லாம் டிபின்னா வீட்டை விட்டு சானடோரியம்ங்கற காசநோய் ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா கிடக்கணும், ஆனா படுக்கை எவ்வளவு இருந்துச்சு, நோயாளிங்க எவ்வளவு பேர் இருந்தாங்க! 1956ல சென்னையில இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்), மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் எல்லாம் சேர்ந்து ஒரு மையம் ஆரம்பிச்சாங்க, இப்ப சேத்துப்பட்டுல இருக்கிற காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். 193 நோயாளிகளை ரெண்டா பிரிச்சு ஒரு பாதியை சானடோரியத்துலயும் ஒரு பாதியை அவங்கவங்க வீட்டுலயும் வெச்சு ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து ஒரு வருஷம். சானடோரியத்துல நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ். வீட்டுல நெரிசலான ஒத்தை ரூம், அரை வயிறு, உடம்பு கொஞ்சம் தேறினா வேலைக்கும் போயாகணும். அப்படியும் குணமானவங்க கணக்கு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணு. அதைவிட முக்கியம், வீட்டுல வெச்சதால கூட இருந்த புள்ளைங்களுக்கும் பெரியவங்களுக்கும் நோய் கூடுதலா பரவல. 1959ல அது வெளியாச்சு, அப்புறம் உலகம் முழுக்க சானடோரியங்கள் ஒண்ணொண்ணா மூட ஆரம்பிச்சாங்க. அந்த 193 பேரும் சாதாரண மெட்ராஸ் ஜனங்கதான், அவங்க பேரு எங்கயும் இல்ல, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

புற்றுநோய்லயும் இருக்கு. ஈஜிஎஃப்ஆர்னு ஒரு மரபணு மாற்றம் இருக்கிற நுரையீரல் புற்றுநோய்க்கு ஜெஃபிடினிப் மாத்திரை குடுப்பாங்க. மும்பை டாடா மெமோரியல்ல 350 பேரை வெச்சு மாத்திரை மட்டும் ஒரு பக்கம், மாத்திரையோட கீமோவும் சேர்த்து ஒரு பக்கம்னு பார்த்தாங்க. நோய் திரும்ப வளராம இருந்த காலம் 8 மாசத்துலேர்ந்து 16 மாசமாச்சு, ஆயுளும் கூடுச்சு. பக்கவிளைவும் கூடுச்சுங்கறதை மறைக்கக் கூடாது, கடுமையான பக்கவிளைவு மாத்திரை பக்கம் நாலுல ஒருத்தருக்குன்னா கீமோ சேர்ந்த பக்கம் ரெண்டுல ஒருத்தருக்கு. ஆனா பாருங்க, இதுல ஒரு மருந்தும் புதுசில்ல, எல்லாம் ஏற்கெனவே கடையில கிடைச்சதுதான். அதிக விலை மருந்து வாங்க முடியாதவங்களுக்கு என்ன பண்ணலாம்ங்கற கேள்வியை நாம கேட்கலைன்னா வேற யாரும் நமக்காகக் கேட்க மாட்டாங்க.

ஜார்கண்ட்ல நடந்ததையும் சொல்லிடறேன், அங்க டிரையல் பண்ணது மருந்தே இல்ல, அரிசி, பருப்பு மாதிரி சாப்பாட்டுச் சாமான். டிபி நோயாளி வீட்டுல இருக்கிற மத்தவங்களுக்கும் இதைக் குடுத்தப்போ அந்த வீடுகள்ல புதுசா டிபி வர்றது 39 சதவீதம் குறைஞ்சுச்சு, 2023ல வெளியாச்சு.

கேள்வி: அம்மாவுக்கு நுரையீரல்ல கேன்சர்னு நாங்க சொல்லல, நெஞ்சுல சளி கட்டியிருக்குன்னு சொல்லி வெச்சிருக்கோம். டிரையல்ல சேர்க்க நாங்க கையெழுத்துப் போட்டா போதாதா?
– வாசகர், மதுரை

பதில்: போதாது தம்பி. சுயநினைவோட இருக்கிறவங்களுக்கு அவங்களேதான் விஷயம் தெரிஞ்சு கையெழுத்துப் போடணும், படிக்கத் தெரியலைன்னா சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வெச்சு வாசிச்சுக் காட்டிக் கைநாட்டு வாங்கணும். அம்மாவுக்கே முடியாத நிலைமைன்னாத்தான் நீங்க போடலாம். உங்க மனசு எனக்குப் புரியுது, தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்கன்னுதான் எல்லாப் புள்ளைங்களும் நினைக்கிறாங்க. ஆனா கீமோ வார்டுல பக்கத்து பெட்டைப் பார்த்தே அம்மாக்கள் புரிஞ்சுக்கறாங்க, புரிஞ்சதை உங்களுக்காக மறைச்சுக்கறாங்க, இதை நான் எத்தனையோ குடும்பத்துல பார்த்திருக்கேன். டாக்டரையோ வலி நிவாரணப் பிரிவு ஆளுங்களையோ கூட வெச்சுக்கிட்டு மெதுவா சொல்லுங்க.

அந்தப் பிரிவுக்கு டிரையலோட சேர்த்தே அனுப்பச் சொல்லிக் கேளுங்க, கடைசி நேரத்துக்குன்னு தள்ளிப் போடாதீங்க. அமெரிக்காவுல 151 நுரையீரல் புற்றுநோயாளிகள்ல ஒரு பாதியை நோய் தெரிஞ்ச ஆரம்பத்துலயே அங்க அனுப்பிப் பார்த்தாங்க, 2010ல வெளியான டிரையல் அது. அவங்களுக்கு மனச்சோர்வு குறைவா இருந்துச்சு, கடைசிக் கட்டத்துல கீமோ எடுத்துக்கிட்டதும் குறைவு, ஆயுள் மட்டும் கூடுதல், மத்தவங்களுக்கு 8.9 மாசம், இவங்களுக்கு 11.6 மாசம்.

கேள்வி: என்னென்ன டிரையல் நடக்குதுன்னு எங்க பார்க்கிறது?
– வாசகி, புதுச்சேரி

பதில்: இந்தியாவுல நடக்கிற மருந்து டிரையல் எல்லாம் சிடிஆர்ஐங்கற அரசுப் பதிவேட்டுல ஏறியிருக்கணும், 2009லேர்ந்து கட்டாயம். நெட்ல இலவசமா பார்க்கலாம், நோய் பேரை இங்கிலீஷ்ல போட்டுத் தேடினா எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாவது கட்டம், யார் நடத்துறாங்க எல்லாம் வரும். போறப்போ பயாப்ஸி ரிப்போர்ட், மரபணு டெஸ்ட் ரிப்போர்ட், ஸ்கேன் சிடி மூணையும் கையில எடுத்துட்டுப் போங்க, மரபணு டெஸ்ட் இன்னும் பண்ணலைன்னா முதல்ல அதைப் பண்ண முடியுமான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, பல டிரையல்ல அது இல்லாம பேரே எழுத மாட்டாங்க. உங்ககிட்ட சொல்ற டிரையலுக்குப் பதிவு நம்பர் என்னன்னு கேளுங்க, நம்பர் சொல்லத் தயங்கினா கையெழுத்துப் போடாம எழுந்து வந்துடுங்க.