நஜிப்பை இறக்கியது எது?

கேள்வி: 1எம்டிபி என்ற மலேசிய அரசு முதலீட்டு நிதியத்தில் நடந்த ஊழல் வெளிவந்ததும் மலேசியாவில் பிரதமர் நஜிப்பே வீழ்ந்துவிட்டார். நல்லவேளை, நம் சிங்கப்பூருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சரிதானே ஆசிரியரே?
– ஒரு வாசகர், ஈசூன்

பதில்: இரண்டுமே சரியில்லை.

நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்குக்கு ஏறக்குறைய 681 மில்லியன் அமெரிக்க டாலர் போன செய்தி 2015 ஜூலையில் வெளியானது. அதே மாதம் வேலை போனது யாருக்குத் தெரியுமா? கேள்வி எழுப்பிய துணைப் பிரதமர் முகைதீனுக்கும் நாட்டின் சட்டத்துறைத் தலைவருக்கும்! அடுத்து வந்த சட்டத்துறைத் தலைவர் 2016 ஜனவரியில், அது சவூதி அரச குடும்பம் கொடுத்த நன்கொடை, குற்றம் எதுவும் இல்லை என்று சொல்லிக் கோப்பை மூடினார். பிரதமர் பாட்டுக்குப் பதவியில் இருந்தார், இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல்.

அவரை இறக்கியது 2018 மே 9ஆம் தேதித் தேர்தல். அதில் ஊழல் மீதான கோபம் எவ்வளவு, 6 விழுக்காடு பொருள் சேவை வரி மீதான கோபம் எவ்வளவு என்று யாராவது பிரித்துச் சொன்னால் நம்பாதீர்கள். சுதந்திரம் கிடைத்த 1957 முதல் ஆண்ட கூட்டணி தோற்ற பிறகுதான் மூடிய கோப்பு திறந்தது. 2022 ஆகஸ்டில் அவர் காஜாங் சிறைக்குப் போனார். பதவி போனதால்தான் ஐயா வழக்கே நகர்ந்தது.

இங்கே சிங்கப்பூரில் அமைச்சராக இருந்த ஈஸ்வரன் மீது, பரிசுப் பொருள்கள் பெற்றதற்காக, அவருடைய கட்சி ஆட்சியில் இருக்கும்போதே வழக்கு நடந்தது. 2024 அக்டோபரில் 12 மாதச் சிறையும் கிடைத்தது. அந்த வித்தியாசத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால் சம்பந்தமே இல்லை என்கிறீர்களே, அந்த 681 மில்லியன் எங்கிருந்து போனது? ஃபால்கன் என்ற சுவிஸ் வங்கியின் சிங்கப்பூர்க் கிளையில் இருந்த ஒரு கணக்கிலிருந்து. அமெரிக்க நீதித்துறை தாக்கல் செய்த மனுவிலேயே இது இருக்கிறது. நம் நாணய ஆணையம் 2016 மே மாதம், 1எம்டிபி பணம் புழங்கிய இன்னொரு சுவிஸ் வங்கியான பிஎஸ்ஐயின் சிங்கப்பூர்ப் பிரிவையும் அக்டோபரில் ஃபால்கன் கிளையையும் இழுத்து மூடச் சொன்னது. மொத்தம் 8 வங்கிகளுக்கு 29.1 மில்லியன் வெள்ளி அபராதம். நஜிப் பிரதமராக இருந்தபோதே இங்கே வங்கி அதிகாரி சிறைக்குப் போனார். பாராட்ட வேண்டியதுதான். அப்புறம் இதையும் சேர்த்துப் படியுங்கள்: பிஎஸ்ஐயில் குறைகள் இருப்பது 2011 ஆய்விலேயே தெரிந்தது, 2014இல் மறுபடியும் தெரிந்தது. மூடியது 2016இல்.

செராங்கூன் சாலையில் ஊருக்கு ஐந்நூறு வெள்ளி அனுப்பப் போகிற ஊழியரிடம் வேலை அனுமதி அட்டையைக் காட்டச் சொல்கிறோம், யாருக்கு அனுப்புகிறாய் என்று கேட்கிறோம். வங்கிகள் நிறைந்த ராஃபிள்ஸ் பிளேசில் மில்லியன் கணக்கில் அனுப்பியவர்களிடம் இவ்வளவு கறாராக யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.