சும்மா விட்டால் உறைந்துபோகும் கம்ப்யூட்டர்

வேலை பார்க்கும்போது நன்றாக ஓடுகிறது, சும்மா விட்டால் உறைகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சி-ஸ்டேட்டைச் சந்தேகப்படுங்கள். வேலையில்லாதபோது பிராசசர் படிப்படியாகத் தூங்கும், அந்தத் தூக்கப் படிகள்தான் சி-ஸ்டேட். சி1-ல் கிளாக், அதாவது பிராசசரை இயக்கும் துடிப்பு, மட்டும் நிற்கும். சி6-ல் கோருக்கு, அதாவது பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதிக்கு, போகும் மின்சாரமே ஏறக்குறைய நின்றுவிடும். எழும்போது வோல்டேஜ் சட்டென ஏற வேண்டும். போர்டோ பவர் சப்ளையோ அங்கே தடுமாறினால் மெஷின் அப்படியே நின்றுவிடும்.

மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையின் பில்லிங் மெஷின், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் உறையும். திரையில் கடிகாரம் 2:10-லேயே நிற்கும். ராம் மாற்றியும் தீரவில்லை. மெஷின் தொடங்கும்போது வரும் பயாஸ் செட்டிங்கில் சி6-ஐ அணைத்தேன், சரியாகிவிட்டது.

லினக்ஸ் என்றால் சிபியுஐடில் (cpuidle) ஃபோல்டரில், ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் உள்ள டிஸேபிள் (disable) ஃபைலில் 1 எழுதினால் அந்த ஸ்டேட் அணையும். ஆழமான தூக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும், அதனால் சோதிக்கப் பயமில்லை. எல்லாவற்றையும் மட்டும் அணைத்துவிடாதீர்கள். பிராசசர் தூங்காமல் சூடாகும், நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு ஃபேன் ஓயவே ஓயாது.