ஒருவரா, ஒன்றா? திரித்துவம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

தேவன் ஒருவரே, அவர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராயிருக்கிறார் என்பதே திரித்துவம். அதை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நிசேயா விசுவாசப் பிரமாணத்தை நான் முழு மனதோடு அறிக்கையிடுகிறவன். அதை மறைத்துக்கொண்டு நடுநிலை பேச விரும்பவில்லை. ஆயினும் எதிர்த்தரப்பு சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணித்துவிட்டு அதையே மறுத்து வெற்றி கொண்டாடுவது பெரும் பிழை என்று கருதுகிறேன்.

கேள்வி: ஐயா, "திரித்துவம்" என்ற சொல் வேதாகமத்தில் ஓரிடத்திலும் இல்லையே. இல்லாத சொல்லை வைத்து எப்படி ஓர் உபதேசத்தைக் கட்டினார்கள்?

சொல் இல்லை என்பது உண்மை. அந்தியோகியாவின் தெயோப்பிலுஸ் 180ஆம் ஆண்டையொட்டி "மும்மை" என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்துகிறார். சற்றுப் பின்னர் தெர்த்துல்லியன் லத்தீனில் "திரினித்தாஸ்" என்று எழுதுகிறார். ஆனால் சொல் பிறப்பதற்கு முன்பே நெருக்கடி பிறந்துவிட்டது. "நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்று நாள்தோறும் சொல்லி வளர்ந்த யூதர்கள், இயேசுவின் பெயரில் ஜெபித்தார்கள், தோமா அவரை "என் ஆண்டவரே! என் தேவனே!" என்று அழைத்ததை எழுதி வைத்தார்கள். இந்த இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்வது எப்படி என்ற கேள்விக்கு வந்த விடைகளில் ஒன்றுதான் திரித்துவம். குமாரனுக்கும் ஒரு தொடக்கம் உண்டு என்று ஆரியுஸ் சொன்னதும் ஒரு விடை. ஒருவரே மூன்று வடிவங்களில் தோன்றுகிறார் என்று சபெல்லியுஸ் சொன்னதும் ஒரு விடை.

கேள்வி: 325இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் வாக்கெடுப்பு நடத்தி இயேசுவைத் தேவனாக்கினார் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். இது சரியா?

சரியில்லை. இந்தக் கதை மிகவும் பரவியிருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அந்த 325இல் நிசேயா நகரில் பேராயர்களின் சங்கம் ஒன்று கூடியது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஏறத்தாழ 112இல், ரோம ஆளுநர் பிளினி தம் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியற்காலையில் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று குறிப்பிடுகிறார். கிறிஸ்தவர்கள்மேல் சற்றும் பரிவில்லாத ஓர் அதிகாரியின் சாட்சி அது. ஆகவே கிறிஸ்துவை வணங்கும் வழக்கம் எந்தச் சங்கத்திலும் பிறந்ததன்று. அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்த ஆரியுஸும் அவரை வணங்கியவரே. தகராறு வேறு இடத்தில் இருந்தது: வணங்கப்படும் இந்தக் குமாரன், படைத்தவர் பக்கத்தில் நிற்கிறாரா, படைப்பின் பக்கத்தில் நிற்கிறாரா?

ஆரியுஸின் விடையைக் கவனமாகக் கேட்க வேண்டும். குமாரன் எல்லாவற்றுக்கும் முன்பே உண்டானவர், அவர் வழியாகவே உலகம் படைக்கப்பட்டது. என்றாலும் அவருக்கும் ஒரு தொடக்கம் உண்டு என்றார். அவருடைய தரப்பின் புகழ்பெற்ற வாசகம், "அவர் இல்லாதிருந்ததும் உண்டு" என்பது. பலர் இதை "அவர் இல்லாதிருந்த காலம் உண்டு" என்று பெயர்க்கிறார்கள். ஆனால் கிரேக்க மூலத்தில் "காலம்" என்ற சொல் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டிருக்கிறது, ஏனெனில் காலமே குமாரன் வழியாக உண்டானதென்று அவர்கள் நம்பினார்கள். இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்தவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. பிதாவின் தனித்தன்மையைக் காக்கவேண்டும் என்ற உண்மையான பக்தியும் அவர்களிடம் இருந்தது.

நிசேயாவில் கூடிய பேராயர்கள், குமாரன் "ஜெநிப்பிக்கப்பட்டவர், உண்டாக்கப்பட்டவரல்லர்" என்றும், பிதாவோடு "ஒரே தன்மையுடையவர்" என்றும் அறிக்கையிட்டார்கள். பின்னதற்கு அவர்கள் எடுத்த கிரேக்கச் சொல் "ஹோமோஊசியோஸ்". வேதாகமத்தில் இல்லாத அந்தச் சொல் பலருக்கும் உறுத்தியது. போதாக்குறைக்கு, 268இல் அந்தியோகியாவில் கூடிய சங்கம் அவ்வூர்ப் பேராயராயிருந்த சமோசாத்தாவின் பவுலைக் கண்டித்தபோது இதே சொல்லைத் தள்ளியிருந்தது.

கான்ஸ்டன்டைன் விரும்பியது பேரரசில் அமைதி. அதனால்தான் சில ஆண்டுகளில் ஆரியுஸை நாடுகடத்தலிலிருந்து திரும்ப அழைத்தார். நிசேயாவின் காவலரான அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியுஸை 335இல், இன்றைய ஜெர்மனியிலுள்ள திரியருக்கு நாடுகடத்தினார். 337இல் மரணப் படுக்கையில், ஆரியுஸின் ஆதரவாளராக இருந்த நிக்கொமேதியாவின் எவுசேபியுஸின் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய மகன் கான்ஸ்டான்டியுஸ் ஆரியுஸ் தரப்புக்குச் சாதகமாக முழு அதிகாரத்தையும் பயன்படுத்தினார். அரசர் திணித்த கொள்கைதான் வெல்லும் என்றால், நிசேயா தோற்றிருக்க வேண்டும். அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டவர். 381இல் கான்ஸ்டான்டினோப்பிளில் நிசேயா உறுதிப்பட்டபோது தெயோதோசியுஸ் என்ற பேரரசரின் துணை இருந்தது என்பதையும் நான் மறைக்க மாட்டேன்.

கேள்வி: "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் (யோவான் 14:28). இதற்கு மேல் என்ன பேச்சு?

இது கனமான வசனம். மதிப்போடு அணுக வேண்டும். நிசேயா தரப்பினர் இதை இரண்டு விதமாக வாசித்தார்கள். மனிதராக வந்த நிலையில் அவர் தாழ்ந்திருந்தார் என்பது ஒன்று. குமாரனுக்குப் பிதாவே ஊற்று என்பதால் "பெரியவர்" என்றும், தன்மையில் வேறுபாடில்லாததால் "சமமானவர்" என்றும் சொல்லலாம் என்று நசியான்சுவின் கிரகோரி விளக்கியது மற்றொன்று. தகப்பன் மகனுக்குப் பெரியவர்தான். அதனால் மகன் மனிதத் தன்மையில் குறைந்தவனாகிவிடுவதில்லை. எனக்கு இரண்டாம் வாசிப்பே ஆழமாகப் படுகிறது.

ஆனால் "அந்த நாளையும் அந்த நாழிகையையும் குமாரனும் அறியார்" என்ற மாற்கு 13:32ஐ இவ்வளவு எளிதாகக் கடக்க முடியாது. அதை ஒரே வரியில் விளக்கிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குத் தயக்கமே வருகிறது.

கேள்வி: நான் "இயேசு நாமம் மாத்திரம்" என்னும் சபையைச் சேர்ந்தவன். "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்றால் பிதாதான் இயேசு என்று ஆகிறதல்லவா?

சகோதரரே, இங்கே நம் தமிழ் வேதாகமமே நமக்கு நல்ல ஆசிரியர். யோவான் 10:30இல் "ஒருவராயிருக்கிறோம்" என்று இல்லை. "ஒன்றாயிருக்கிறோம்" என்று இருக்கிறது. கிரேக்கத்திலும் அங்கே நிற்பது ஆண்பாற் சொல்லன்று, அஃறிணைக்குரிய "ஒன்று". வினையும் பன்மை: "இருக்கிறோம்". அந்த "ஓம்" விகுதியில் குறைந்தது இருவர் இருக்கிறார்கள். உங்கள் கருத்தையே கொண்டிருந்த பிரக்செயாவுக்கு எதிராக எழுதிய தெர்த்துல்லியன் இதே இலக்கணத்தைச் சுட்டிக்காட்டினார்.

அதே நேரத்தில் என் தரப்பாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: இந்த வசனம் மட்டுமே "ஒரே தன்மை" என்பதை நிறுவிவிடாது. யோவான் 17இல் சீஷர்களும் "ஒன்றாயிருக்க" வேண்டும் என்று இயேசு ஜெபிக்கிறார். ஆரியுஸ் தரப்பார் இதைச் சுட்டியே, அந்த ஒற்றுமை சித்தத்தின் ஒற்றுமை மட்டுமே என்றார்கள்.

கேள்வி: பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி, "இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்று 1 யோவான் 5:7 நேராகவே சொல்கிறதே. பிறகு ஏன் வாதம்?

தயவுசெய்து அந்த வசனத்தை வாதத்துக்கு எடுக்காதீர்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது இருக்கிறது. ஆனால் 14ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய எந்தக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதியின் மூல வரியிலும் அது இல்லை. லத்தீன் மரபில்தான் வளர்ந்தது. கிரேக்க மூலத்தை அச்சிட்ட அறிஞர் எராஸ்மஸ் தம் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1516, 1519 பதிப்புகளில் விட்டுவிட்டு, எதிர்ப்புக்குப் பின் 1522 பதிப்பில் சேர்த்தார். ஆரியுஸோடு நடந்த நெடும் போராட்டத்தில் கிரேக்கத் திருச்சபைத் தந்தையர் ஒருவரும் இதை எடுத்துக்காட்டவில்லை. கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா?

கேள்வி: ஓய்வுநாள் பள்ளியில் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று சொல்லித் தருகிறேன். சரிதானே?

அதை விட்டுவிடுங்கள். ஒரே தண்ணீர் மூன்று வடிவம் எடுக்கிறது என்பது சபெல்லியுஸின் உபதேசம். குமாரன் ஞானஸ்நானம் பெற, ஆவியானவர் இறங்க, பிதா வானத்திலிருந்து பேசிய மத்தேயு 3ஆம் அதிகாரக் காட்சியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள், அதுவே போதும்.

கேள்வி: என் தம்பி திரித்துவத்தை மறுக்கும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான். வீட்டில் பேச்சே நின்றுவிட்டது. அவன் இரட்சிக்கப்பட்டவன் அல்ல என்று எங்கள் போதகர் சொல்கிறார். நான் என்ன செய்வது?

அக்கா, உங்கள் கேள்வியைப் பலமுறை வாசித்தேன். அவருடைய முடிவைத் தீர்ப்பது என் வேலையன்று. உங்கள் போதகரின் வேலையுமன்று என்றே நினைக்கிறேன். இந்த வேறுபாடு சிறியதென்றும் நான் சொல்ல மாட்டேன். நம்மை மீட்க வந்தவர் தேவனே என்பதற்கும், தேவன் அனுப்பிய உயர்ந்த படைப்பு என்பதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

மிகுவேல் செர்வேட்டஸ் திரித்துவத்தை மறுத்ததற்காக 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். அவரைக் குற்றஞ்சாட்டச் செய்ததில் அந்நகரின் சீர்திருத்தத் தலைவர் கால்வினுக்குப் பங்கு உண்டு. "நித்திய தேவனின் குமாரனாகிய இயேசுவே, எனக்கு இரங்கும்" என்பது அவருடைய கடைசிக் கூக்குரல் என்று சொல்லப்படுகிறது. "தேவனின் நித்திய குமாரனே" என்று ஒரு சொல்லை இடம் மாற்ற அவர் மறுத்துவிட்டார்; மாற்றினால் குமாரனும் நித்தியர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தச் சொல் எங்கே நிற்க வேண்டும் என்பதில் நான் கால்வின் பக்கம்; அந்தத் தீயைப் பற்றி எனக்கு வெட்கம்தான் இருக்கிறது. 1903இல் கால்வினின் வழிவந்தவர்களே அங்கே மனவருத்தத்தின் அடையாளமாக ஒரு கல்லை நாட்டினார்கள்.

தம்பியைச் சாப்பிட அழையுங்கள். முதல் நாள் வேதத்தைத் திறக்க வேண்டாம். பிறகு ஒரு நாள் யோவான் சுவிசேஷத்தை முதல் வசனத்திலிருந்து இருவரும் மாறிமாறி வாசியுங்கள். அவர் நம்புவதை நீங்கள் உங்கள் வாயால் எடுத்துச் சொல்ல, "ஆமாம், இதைத்தான் நான் சொல்கிறேன்" என்று அவர் ஒப்புக்கொள்ளும்வரை மறுப்பைத் தொடங்காதீர்கள்.