வடகொரியாவின் ஹுங்னாம் உரத் தொழிற்சாலையைப் பார்க்க முடியுமா?

கேள்வி: உரத் தொழிற்சாலையில், அம்மோனியா பிளான்ட்டில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வடகொரியாவின் ஹாம்ஹுங் நகரை ஒட்டி ஹுங்னாம் என்ற இடத்தில் ஜப்பானியர் காலத்து உரத் தொழிற்சாலை இருப்பதாகவும், அரசு வழிகாட்டிகளோடு போனால் வெளிநாட்டாரை உள்ளே விட்டார்கள் என்றும் படித்தேன். சாவதற்குள் ஒருமுறை பார்த்துவிட ஆசை. மகன் அமெரிக்கக் குடிமகன், மகள் சிங்கப்பூர்க் குடிமகள். இருவரும் கூட வருகிறோம் என்கிறார்கள். நான் சைவம். எதைப் பார்க்க முடியும், எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: ஐயா, இப்போதைக்குப் பணம் எதையும் கட்டிவிடாதீர்கள். 2020 ஜனவரியில் கொரோனாவுக்காக மூடிய எல்லையை வடகொரியா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்கிறது. 2024 பிப்ரவரியில் ரஷ்யக் குழுக்களை மட்டும் விட்டார்கள். 2025 பிப்ரவரியில் ராசோன் என்ற வடகிழக்குப் பகுதியை மேற்கத்தியப் பயணிகளுக்குத் திறந்து, சில வாரங்களிலேயே மறுபடி மூடினார்கள். முன்பணம் கட்டி, விமான டிக்கெட்டும் எடுத்துக் காத்திருந்தவர்கள் அந்த மார்ச்சில் அப்படியே நின்றார்கள். அதனால் ஹாம்ஹுங் திறந்தது என்று செய்தி வந்தாலும் முதல் குழுவில் சேராதீர்கள். ஒரு குழுவாவது போய்த் திரும்பட்டும். ‘அந்த நாடு மறுத்தால் முழுப் பணமும் திரும்ப வரும்’ என்று பயண நிறுவனம் எழுத்தில் தர வேண்டும்.

குடும்ப விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மகன் வர முடியாது. 2017 செப்டம்பர் 1 முதல் அமெரிக்கப் பாஸ்போர்ட் வடகொரியப் பயணத்துக்குச் செல்லாது என்று அமெரிக்க அரசே விதி போட்டிருக்கிறது. விதிவிலக்கு உண்டு, சுற்றுலாவுக்கு அது கிடைக்காது. மகள் வரலாம். ஆனால் அவர் கொடுக்கும் விலை வேறு. 2011 மார்ச் 1-க்குப் பிறகு வடகொரியா போனவர்களுக்கு அமெரிக்காவின் விசா விலக்குச் சலுகை கிடையாது. சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டில் இணையத்தில் அனுமதி வாங்கிப் பறக்கும் வசதி அவருக்கு அதோடு போய்விடும். அண்ணனைப் பார்க்கப் போக, தூதரகத்தில் நேர்காணல், விசா என்று அலைய வேண்டும். இதைக் கிளம்புவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எப்படியும் விசா வேண்டும் என்பதால் உங்களுக்கு அந்த இழப்பு இல்லை.

தனியாகப் போக வழியே இல்லை. அங்கீகாரம் பெற்ற பயண நிறுவனம் மூலமாகத்தான் விண்ணப்பம் போகும். வேலை, பணியிடம் பற்றிய பத்தியில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ‘ஓய்வுபெற்ற ரசாயனத் தொழிற்சாலை ஊழியர்’ என்று எழுதப் பயப்பட வேண்டாம். ஆலைக்குள் போய் கம்ப்ரசரைப் பற்றிக் கேள்வி கேட்கும்போது அது பொருந்தி வரும். ‘வியாபாரி’ என்று எழுதிவிட்டு அப்படிக் கேட்டால்தான் சந்தேகம். பெய்ஜிங் வழியாகப் போவதானால் சீன விசா இரட்டை நுழைவாக இருக்க வேண்டும். போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. ஒற்றை நுழைவு விசாவோடு வடகொரியத் தலைநகர் பியோங்யாங் போய் இறங்கினால் அந்த விசாவில் சீனாவுக்குத் திரும்பி நுழைய முடியாது. 

பியோங்யாங்கிலிருந்து கிழக்குக் கடற்கரை வோன்சான் வரை சுமார் 200 கிலோமீட்டர். மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாக நெடுஞ்சாலை போகிறது. நடுவில் சின்பியாங் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்துவார்கள். வோன்சானிலிருந்து வடக்கே ஹாம்ஹுங் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான், ஆனால் சாலை அவ்வளவு நன்றாக இல்லை என்பதால் நேரம் பிடிக்கும். ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டத்தை ஏற்காதீர்கள். ஹாம்ஹுங்கில் இரண்டு இரவு வேண்டும். முதல் நாள் ‘இன்று ஆலைக்கு அனுமதி இல்லை’ என்றால் மறுநாள் கேட்டுப் பார்க்க அப்போதுதான் இடமிருக்கும். பயணத் திட்டத்தில் ஆலை இருப்பதாலேயே ஆலை உறுதி என்று ஆகாது. அன்று காலை வரை மாறும்.

தேதியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. ஞாயிறும், பிப்ரவரி 16, ஏப்ரல் 15, மே 1, செப்டம்பர் 9, அக்டோபர் 10 ஆகிய விடுமுறைகளும் வேண்டாம். ஊர்வலமும் நடனமும் பார்க்க அவை நல்ல நாட்கள். ஆலை பார்க்க அல்ல. மே மாதம் நாற்று நடவுக்கு நகரத்து ஆட்களை வயலுக்கு அனுப்பிவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் மழை, மலைச்சாலை துண்டிக்கப்படலாம். ஜூன் பிற்பாதி, இல்லையென்றால் செப்டம்பர் 9 தாண்டிய வேலைநாட்கள் உங்களுக்குத் தோது.

இனி நீங்கள் போக நினைக்கும் காரணத்துக்கு வருவோம். நாஃப்தாவையோ எரிவாயுவையோ ரிஃபார்மரில் போட்டு ஹைட்ரஜன் எடுத்துப் பழகிய கை உங்களுடையது. ஹுங்னாமில் தொடக்கத்தில் அப்படிச் செய்யவில்லை. புஜோன் ஆறு வடக்கே, சீன எல்லையில் உள்ள யாலு நதியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நோகுச்சி ஷிதாகௌ என்ற ஜப்பானியத் தொழிலதிபரின் நிறுவனம் அணை கட்டி, மலைக்குள் சுரங்கம் போட்டு, அந்தத் தண்ணீரைக் கிழக்குச் சரிவில் இறக்கி மின்சாரம் எடுத்தது. அந்த மின்சாரத்தால் தண்ணீரையே பகுத்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். காற்றிலிருந்து நைட்ரஜன். இரண்டையும் கஸாலே என்ற இத்தாலியரின் முறையில் சேர்த்து அம்மோனியா, அதிலிருந்து அம்மோனியம் சல்ஃபேட் உரம். 1927-ல் நிறுவனம் தொடங்கி, 1930-ல் உற்பத்தி வந்துவிட்டது. இன்று ‘பசுமை அம்மோனியா’ என்று உலகம் பேசுவதன் அடிப்படை இதுதான். ஆனால் அணையும் ஆலையும் எழுந்தது காலனி ஆட்சியில், கொரியத் தொழிலாளிகளின் முதுகில். அதையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

1950 கோடையில் அமெரிக்கக் குண்டுவீச்சில் ஆலை நாசமாகி, போருக்குப் பிறகு மறுபடி எழுந்தது. அந்த நாட்டில் சொந்தமாக எண்ணெயோ எரிவாயுவோ எடுப்பதில்லை. இருப்பது ஆந்தரசைட் நிலக்கரி. அதை வாயுவாக்கித்தான் பிற்காலத்தில் அம்மோனியாவும் யூரியாவும் செய்ய முனைந்தார்கள். நெய்வேலியில் ஒரு காலத்தில் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி யூரியா செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். கரியின் சாம்பல், ஆக்சிஜன் பிளான்ட்டின் மின்சாரத் தேவை, வாயுவைச் சுத்தம் செய்யும் செலவு என்று அங்கே வரும் தொல்லைகளை உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

பொதுவாக ஆலைச் சுற்று, தலைவர்கள் வந்துபோனதைச் சொல்லும் பலகையின் முன்னால் தொடங்கும். அவர்கள் எந்தத் தேதியில் வந்தார்கள், எங்கே நின்றார்கள் என்பது விரிவாக வரும். பொறுமையாகக் கேளுங்கள். சொல்பவருக்கு அது கடமை. பிறகு ஒரு கன்ட்ரோல் ரூம், ஒரு ஷெட், அதிர்ஷ்டம் இருந்தால் மூட்டை கட்டும் இடம். அவ்வளவுதான். முழு பிளான்ட்டையும் யாருக்கும் காட்ட மாட்டார்கள். உங்களுக்கு அதுவே போதும். ஓடுகிற ஆலைக்கும் நிற்கிற ஆலைக்கும் உள்ள வித்தியாசத்தை வழிகாட்டி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் நீங்கள் இல்லை. தரையில் கம்ப்ரசரின் அதிர்வு காலில் ஏறுகிறதா? யூரியாவை மணிகளாக்கும் பிரில்லிங் டவர் உச்சியில் புகைமூட்டம் தெரிகிறதா? வால்வு ஸ்பிண்டிலில் புது கிரீஸ் பளபளக்கிறதா, அல்லது பெயின்ட் மட்டும் புதிதாக இருந்து மரையில் துரு உட்கார்ந்திருக்கிறதா? நீராவிக் குழாயில் தேங்கும் நீரை வெளியேற்றும் ஸ்டீம் டிராப்பில் சொட்டு விழுகிறதா? கையைக் கட்டிக்கொண்டு நடந்தபடியே இத்தனையும் பார்த்துவிடலாம்.

கேள்வி கேட்பதில் ஒரு பக்குவம் வேண்டும். ‘தினம் எத்தனை டன்?’ என்று கேட்டால் திட்ட இலக்கைச் சொல்வார்கள், அல்லது பேச்சு அங்கேயே நின்றுபோகும். ‘குளிர்காலத்தில் தண்ணீர் லைன் உறையாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?’, ‘கேடலிஸ்ட்டை (வினையூக்கியை) எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்?’, ‘ஷிஃப்ட் எத்தனை மணி நேரம்?’ என்று கேளுங்கள். பிளான்ட்டில் கைவைத்து வேலை செய்கிற யாருக்கும் இவற்றுக்குப் பதில் சொல்ல ஆசை வரும். வழிகாட்டிகள் மொழி படித்தவர்கள்; தொழில்நுட்பச் சொல் அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். அவர்களிடம் கேட்டுக்கொண்டு, துண்டுத் தாளில் வேதிக் குறியீட்டை எழுதிக் காட்டுங்கள். அது எல்லா நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் ஆலையின் படம் வரையாதீர்கள், மீட்டர் காட்டும் எண்களைக் குறித்துக்கொள்ளாதீர்கள். ராணுவத்துக்கான வேதிப்பொருள் ஆய்வும் இந்த நகரில் நடப்பதாக வெளிநாட்டு ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதனால் இங்கே பியோங்யாங்கைவிடக் கெடுபிடி அதிகம். ஹெல்மெட், முகக்கவசம் கொடுப்பார்கள் என்று நம்பாமல் மூடிய ஷூ போட்டுக்கொண்டு, கைக்குட்டையைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். அம்மோனியா நெடி வந்தால் என்ன செய்வதென்று உங்களுக்குத் தெரியும், மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கேமராவைத் தூக்குமுன் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ராணுவத்தினர், சோதனைச்சாவடி, கட்டுமானம் நடக்கும் இடம், வண்டி ஜன்னல் வழியே தெரியும் வறுமை எதையும் எடுக்கக்கூடாது. தலைவர்களின் சிலையை எடுத்தால் தலை முதல் கால் வரை முழுதாக வர வேண்டும். முன்னால் நின்று அதுபோல் கைநீட்டிப் படம் எடுத்துக்கொள்வதும் தப்பு. சிலையிடம் பூ வைத்துக் குனிந்து வணங்கச் சொல்வார்கள். மனம் ஒப்பவில்லை என்றால் இந்தப் பயணமே வேண்டாம். அங்கே போய் மறுப்பது சரியல்ல. செய்தித்தாளில் தலைவர் படம் இருந்தால் அதை மடிக்கவோ, அதில் எதையும் சுற்றவோ, குப்பையில் போடவோ கூடாது. இது வீண் பயம் அல்ல. விடுதியில் சுவரொட்டி ஒன்றை எடுக்க முயன்றதாக அமெரிக்க மாணவர் ஒருவருக்கு 2016-ல் 15 ஆண்டு கடுங்காவல் விதித்தார்கள். மறு ஆண்டு நினைவிழந்த நிலையில் ஊர் திரும்பி இறந்தார். 2014-ல் சோங்ஜின் துறைமுக நகரில் பைபிளை விட்டுச் சென்ற பயணி மாதக்கணக்கில் சிறைப்பட்டார். மதநூல் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

கிளம்புமுன் போனை நீங்களே உட்கார்ந்து துடைத்தெடுங்கள். சுங்கத்தில் திறந்து பார்ப்பார்கள். மகளின் போனில் தென்கொரியத் தொடர்கள் இறக்கி வைத்திருப்பது சகஜம். அங்கே அது பெரிய குற்றம். வாட்ஸ்அப்பில் வந்த கிம் ஜோங் உன் கேலிப்படம் கேலரியில் தங்கியிருக்கும், அதையும் தேடி அழியுங்கள். ஏடிஎம், கார்டு எதுவும் வேலை செய்யாது. யூரோ, யுவான் சிறிய நோட்டுகளாக, கிழிசல் இல்லாமல் எடுத்துப் போங்கள். மருந்து இரண்டு மடங்கு, மருத்துவர் சீட்டோடு. விடுதியில் வெந்நீர் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் வரும், மின்சாரம் போகும், டார்ச் அவசியம். பயணக் காப்பீட்டில் வடகொரியா விலக்கப்பட்டிருக்கிறதா என்று சிறிய எழுத்தில் தேடிப் படியுங்கள்.

சாப்பாடுதான் உங்களுக்குக் கஷ்டம். கிம்ச்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாயில் மீனோ உப்பிட்ட இறாலோ சேரும். ஹாம்ஹுங்கின் பெருமையான நோங்மா குக்சு, உருளைக்கிழங்கு மாவில் செய்த ரப்பர் போல இழுபடும் நூடுல்ஸ். மாவு சைவம்தான், ஆனால் ஊற்றும் குளிர்ந்த சாறு இறைச்சி வெந்த நீர். ‘இறைச்சி, மீன், முட்டை வேண்டாம்’ என்று முன்பதிவிலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படியும் சாதம், முட்டைக்கோஸ், டோஃபு என்றுதான் சுற்றிச் சுற்றி வரும். அவல், பருப்புப் பொடி கொண்டுபோகலாம், ஆனால் கடையில் வாங்கிய, பெயர் அச்சிட்ட, பிரிக்காத பாக்கெட்டாக. வீட்டில் அரைத்து டப்பாவில் போட்ட பொடியைச் சுங்க அதிகாரிக்கு விளக்க உங்களிடம் மொழி இருக்காது.

நகரையும் கொஞ்சம் பாருங்கள். போரில் தரைமட்டமான ஹாம்ஹுங்கை 1955 முதல் 1962 வரை கிழக்கு ஜெர்மானியர்கள் திட்டமிட்டுக் கட்டினார்கள். பௌஹௌஸ் என்ற புகழ்பெற்ற ஜெர்மன் வடிவமைப்புப் பள்ளியில் படித்த கொன்ராட் ப்யூஷெல் நகரமைப்பைப் பார்த்தார். கிழக்கு ஜெர்மனி அதிபர் வில்ஹெல்ம் பீக் பெயரில் ஒரு வீதிகூட இருந்தது, பிறகு மாற்றிவிட்டார்கள். ஹுங்னாம் துறைமுகத்தில்தான் 1950 டிசம்பரில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் கப்பலேறித் தெற்கே போனார்கள். ஒரே சரக்குக் கப்பலில் 14,000 பேர். அங்கே இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

இந்தியத் தூதரகம் 2024 டிசம்பரில் பியோங்யாங்கில் மறுபடி இயங்கத் தொடங்கியது. பயணத் திட்டத்தை அவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

உங்களோடு எப்போதும் இரண்டு வழிகாட்டிகளும் ஒரு ஓட்டுநரும் இருப்பார்கள். நீங்கள் அனுமதியில்லாமல் எடுக்கும் ஒரு படத்துக்கு உங்களைவிட முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். நீங்கள் கட்டும் பணத்தின் பெரும்பங்கு அந்த அரசுக்குத்தான் போகிறது. அதைத் தெரிந்துதான் முடிவெடுக்க வேண்டும். கடைசி நாள் கொடுக்கும் அன்பளிப்புதான் வழிகாட்டிகள், ஓட்டுநர் கைக்கே போவது, அதில் கஞ்சம் வேண்டாம். ஊர் திரும்பியதும் ஆலையைப் பற்றி எழுதுங்கள், பேசுங்கள். அவர்கள் பெயரையும் முகத்தையும், வண்டியில் மனம்விட்டு ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் எங்கேயும் போடாதீர்கள்.